சலீம் கடைக்குப் பேர் கிடைத்த கதை

இன்று பூந்தமல்லியில் ஒரு மீட்டிங்...

நண்பன் சலீம் நாளை டூவீலர் வாட்டர் வாஷ் கடை திறக்கிறான். பம்ப் ரெடி, ஷாம்பு ரெடி. பேர் மட்டும் இல்லை!

போர்டு எழுதும் பெயின்டர் ஐந்து மணிக்கு வருவார். இன்றைக்கு விட்டால் பத்து நாள் கழித்துத்தான் வருவாராம். சலீம் முகத்தில் ஈயாடவில்லை.

"கவலப்படாத மச்சான், பிரெயின்ஸ்டார்மிங் பண்ணிடலாம்" என்றேன். (ஐடி கம்பெனியில் எட்டு வருஷம் குப்பை கொட்டியதற்கு வேறென்ன பலன்?)

நான், சலீம், அவன் மச்சான் மன்சூர், எதிர்க்கடை மெக்கானிக் டில்லி அண்ணாத்தே. ஆளுக்கு ஒரு கட்டு ஸ்டிக்கி நோட்.

"எந்த ஐடியாவும் தப்பில்ல. யாரும் யாரையும் கலாய்க்கக் கூடாது!" என்று ரூல் போட்டேன்.

டில்லி அண்ணாத்தே முதல் பந்திலேயே சிக்ஸர்: "பளபளா வாட்டர் வாஷ்!"

அவ்வளவுதான். பளிச், பளீர், நியூ பளபளா, சூப்பர் பளபளா... ஒரு மணி நேரம் யாரும் அதை விட்டு வெளியே வரவில்லை! மன்சூர் வாயே திறக்கவில்லை. (சமோசாவுக்கு மட்டும் திறந்தான்.)

ஆனால் எல்லாருக்கும் ஒரே குஷி. "இன்னா டிஸ்கஷன் நைனா! மூளையே சூடாயிட்ச்சி!" என்றார் அண்ணாத்தே.

மணி நாலு. "இன்னும் ஒண்ணும் முடிவாகலயே மச்சான்" என்றான் சலீம்.

அப்போது பார்த்துத் திருமழிசைப் பக்கமிருந்து நாலு பைக் வந்து நின்றது, முழுக்கச் சேறு! "கட தொறந்துட்டீங்களாண்ணா?"

முதல் போணி, விடுவோமா? ஆளுக்கு ஒரு வண்டி. பம்ப் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அரை மணி நேரம் அவரவர் வண்டி, அவரவர் நுரை, அவரவர் யோசனை.

பம்பை நிறுத்தியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்! என்னிடம் நாலு பெயர்கள், சலீமிடம் மூன்று. அண்ணாத்தேயிடம் ஆறு, ஒன்றில்கூட "பளபளா" இல்லை!

மன்சூர் துணியைப் பிழிந்துகொண்டே மெதுவாகக் கேட்டான்: "'குளிச்சாச்சா?'ன்னு வெச்சா இன்னா?"

சலீம் அவனை நுரையோடு கட்டிப்பிடித்துக்கொண்டான். பைக்கில் வந்தவர்களே கைதட்டினார்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. (ஷாம்பு பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.)

ஐந்து மணிக்கு வந்த பெயின்டர் அதையே போர்டில் மஞ்சள் எழுத்தில் ஏற்றிவிட்டார்.

டீ குடிக்கும்போது டில்லி அண்ணாத்தே, "பாத்தியா, நாலு பேரு ஒண்ணா குந்திகினு பேசுனாத்தான் இந்த மாரி ஐடியால்லாம் வரும்!" என்றார்.

"ஆமாண்ணாத்தே, மீட்டிங்தான் காரணம்" என்றான் மன்சூர். மீட்டிங்கில் வாயே திறக்காத மன்சூரே!

மாங்காட்டில் கிளை திறக்கும்போதும் நான்தான் மீட்டிங் நடத்த வேண்டுமாம். நடத்துகிறேன். பம்பை மட்டும் ஓடவிட்டுத்தான் நடத்துவேன்!