வாய் திறந்த பொம்மை

“...சீரியஸா இருக்காருன்னு சொன்னா நான் தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருப்பேன் கண்ணு. ஆளு போயிட்டாருன்னு சொல்லு. சுத்தி வளைக்காம சொல்லு.”

சொன்னவள் என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருப்பவள். மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். கேட்டுக்கொண்டு நின்றது, நர்ஸ் படிப்புக்காக முசிறிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண். இருவருக்கும் நடுவே கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. மூச்சு ஊதிப் பழகுவதற்கென்றே செய்த பொம்மை. தாடைக்குள் ஸ்பிரிங் வைத்திருப்பதால் அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நான் சமுதாயக்கூடத்துச் சுவரோரம் பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு அன்றைக்கு நெஞ்சு வலி.

நிஜ வலி இல்லை. கீழே இருக்கிற ஒரு நர்சிங் பள்ளி அவ்வப்போது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி எங்கள் மலைக்குக் கூட்டி வரும். நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், நோயாளியாக நடிக்கிறவர்களிடம் பேசிப் பழக வேண்டுமாம். தையல் மெஷினை மிதித்தபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் கொடுப்பவன் நான். அதனால் ஆள் பிடித்துத் தருகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. டீச்சர் கொடுக்கும் தாளில் ‘மூட்டு வலி, ஆறு மாதமாக’ என்று செத்த எழுத்தாக இருக்கும். அதை எங்கள் ஆள் ஒருத்தர் வாங்கி, “முட்டிக்குள்ள எவனோ ஆணி அடிச்சுப்போட்டு மறந்துட்டுப் போயிட்டானுங்க” என்பார். “தலைக்குள்ள விடிய விடிய கேவுறு அரைக்குதுங்க” என்பாள் இன்னொருத்தி. பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடி முழிக்கும்.

ஆள் பிடிப்பது லேசாக இருக்கவில்லை. இல்லாத நோவை வாயால் சொன்னால் அது மெய்யாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். நடித்து முடித்தவர்கள் வெளியே வந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வெற்றிலை என்று நினைத்து டீச்சர் முதல் நாள் எல்லாரையும் திட்டித் தீர்த்தார். குடிகாரன் வேஷத்துக்கு நான் கூட்டிப்போன பெரியவர், “குடிக்காம எப்படிங்க குடிச்சவனாட்டம் பேசறது? ஒரு குவாட்டருக்கு ஏற்பாடு பண்ணுங்க, அப்படியே பண்ணிக் காட்டறேன்” என்றார். “உங்களுக்கு அது இல்லாமலே நல்லா வருதுங்க ஐயா” என்றார் டீச்சர். பெரியவருக்கு ஒரே பெருமை.

ஒரு வேஷத்துக்கு மட்டும் ஆளே கிடைக்கவில்லை. கட்டிலில் இருப்பவர் இறந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் நர்ஸ் அதைச் சொல்ல வேண்டும். அந்த மனைவியாக உட்கார எவள் வருவாள்? கேட்டதற்கே ஒருத்தி என் கண்ணெதிரில் விளக்குமாற்றைத் தேடினாள்.

அப்போதுதான் இவள் கடைக்கு வந்து நின்றாள்.

“நான் வாரேனுங்கண்ணா. எனக்கு இனிமே வாரதுக்கு என்ன இருக்குது?”

“வேண்டாம் அம்மிணி. உனக்கு அது நடிப்பா இருக்காது.”

“நடிக்கறதுக்கு வரலீங்க. அந்தப் புள்ளைகள்ல ஒருத்தியாவது சொல்ல வேண்டியத நேரத்தோட சொல்லக் கத்துக்கட்டும். அதுக்குத்தான்.”

அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவை வழியில் சொல்ல மாட்டோம். வெளியூரில் இருக்கிற மகனுக்குக்கூட ‘மேலுக்கு முடியலை, கிளம்பி வா’ என்றுதான் போன் போகும். வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் சொல்வது. பாதையில் சொன்னால் ஆள் அங்கேயே உட்கார்ந்துவிடும், அப்புறம் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது? இரக்கத்தில் வந்த வழக்கம்தான்.

இவள் புருஷனுக்கு ஒரு நாள் காலையில் நெஞ்சை அடைத்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலை இறங்கினார்கள். மடியில் தலை, கையில் தண்ணீர் பாட்டில். உதடு காய்கிறதே என்று ஒவ்வொரு வளைவிலும் மூடியில் ஊற்றி ஊற்றி வாயில் விட்டுக்கொண்டே போனாள். அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் அவர் போய்விட்டார். முன்சீட்டில் இருந்த கொழுந்தன் திரும்பிப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிரைவருக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடை ஓரம் நிறுத்தி, இறங்கி, தள்ளிப் போய் போன் பேசிவிட்டு வந்தார்கள்.

“கீழ டாக்டர் இல்லையாமுங்க அண்ணி. மேலயே காட்டிக்கலாம்” என்று கொழுந்தன் சொன்னான். வண்டியைத் திருப்பினார்கள்.

மறுபடியும் அத்தனை வளைவுகள். மறுபடியும் தண்ணீர். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்து, “ஒரு வாய் முழுங்குங்க, ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சிக்கொண்டே ஏறினாள். பாதி மலையில் ஒரு லாரி பிரேக் போய்க் குறுக்கே நின்றுவிட்டது. அதை நகர்த்துவதற்குள் உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் நிற்பதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அதற்குள் தாடை இறுகிவிட்டது. உயிர் போன கையோடு துணி போட்டு தாடையைத் தூக்கிக் கட்டினால் வாய் மூடிக்கொள்ளும். நேரமானால் மூடாது. கட்டிப் பார்த்தார்கள், அமுக்கிப் பார்த்தார்கள். வாய் திறந்தபடியே மனிதர் மண்ணுக்குள் போனார்.

கொழுந்தனை அவள் ஒரு சொல் திட்டவில்லை. என்னிடம் மட்டும், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும்போது, காஜா எடுக்க வரும்போது, சம்பந்தமே இல்லாமல் சொல்வாள். “பாக்கறவங்களுக்கு மனுஷன் தாகத்தோட போனாப்பல இருந்துச்சுங்கண்ணா. தலை எம் மடியிலதான இருந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பேன்.”

அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்கு அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். முசிறிப் பெண் வந்து, “அம்மா, அவரு கொஞ்சம் சீரியஸா இருக்காரு” என்று ஆரம்பித்ததும், இவள் மூடியில் தண்ணீர் ஊற்றிப் பொம்மையின் வாயில் விட்டாள். “ஐயோ, ஸ்பிரிங் துருப்பிடிச்சிரும்மா” என்றார் டீச்சர். இவள் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் நான் முதலில் எழுதியதைச் சொன்னாள்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். “எங்களால முடிஞ்சதெல்லாம் பார்த்தோம்மா...”

“பார்த்து?”

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஒருவேளை...”

“பார்த்தியா, நீயும் வண்டியத் திருப்பறே” என்றாள் இவள். இன்னொரு மூடி தண்ணீர் பொம்மையின் வாய்க்குள் போயிற்று.

பின்னால் நின்ற பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். முசிறிப் பெண் தன் தாளை ஒருதரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “மூஞ்சியப் பார்த்து எப்படிம்மா அதைச் சொல்றது? பாவமா இருக்கு.”

“பாவம் பார்த்தவங்கதான் கண்ணு எல்லாரும். கெட்டவங்க ஒருத்தரும் அந்த வண்டியில இல்ல.”

எந்த வண்டி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. ஏதோ தாளில் இல்லாதது நடக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “சரி, போதும். அடுத்தது நெஞ்சு வலி, வாங்க” என்று என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. “அவங்க முடிச்சுக்கட்டுமுங்க டீச்சர்” என்றேன்.

அந்தப் பெண் கையில் இருந்த தாளைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். கட்டிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாட்டில் பிடித்திருந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். இவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அம்மா, அவர் இறந்துட்டாரு. இப்பத்தாம்மா. இனிமே தண்ணி வேண்டாம்.”

இந்த இடத்தில் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று தாளில் இருந்தது. பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் அழவில்லை. பாட்டிலின் மூடியைத் திருகி மூடிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்தாள். பொம்மையின் தாடைக்கடியில் கொடுத்து, ஸ்பிரிங் முரண்டு பிடிக்கப் பிடிக்க, வாய் மூடும்வரை இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.