திரும்பிப் பார்க்காமல் போகிறவள்

பறவைகளைப் படமெடுக்கிற காமிராக்காரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களை மறைவுக் கூடாரத்துக்குள் விட்டுவிட்டுப் போகிற ஆளைப் பற்றி ஒரு வரி எழுதினால் கையா வலிக்கும்?

பறவைக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. இரண்டு பேர் கூடாரத்துக்குள் நுழைந்து ஒருவர் வெளியேறினால், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நம்பிவிடும். போகிறவர் சத்தம் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அப்படி ஒரு காமிராக்காரரின் மனைவி, ஒரு தையல்காரி; கல்யாணமான நாள் முதல் அந்த வேலை அவளுடையது. கூடாரத்துணியைத் தைத்தவளும் அவள்தான். புருஷனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, வீட்டில் அவர் செய்யாத வேலைகளையெல்லாம் உரக்கச் சொல்லித் திட்டிக்கொண்டே போவாள்.

"புருஷனத் திட்டுறதையே தொழிலா வச்சிருக்கிறவ நான் ஒருத்திதான்" என்று சிரிப்பாள். எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. நமக்குத்தான் ஆத்திரம் வருகிறது.

அந்தப் பருவம் முழுக்க, ஏரிக்கரை மரப்பொந்தில் அடைகாத்த ஒரு வாத்தைப் படமெடுத்தார்கள். குஞ்சுகள் பொரிந்த மறுநாள் காலை பொந்திலிருந்து கீழே குதிக்கும். படத்தின் உயிரே அந்தக் குதிப்புதான். விட்டால் அடுத்த வருஷம்தான். பார்த்துப் பார்த்து, குஞ்சு பொரிந்த அன்றே காமிராக்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கூரையைப் பெயர்க்கிற இருமல்.

"நீ உள்ள உட்காரு. நான் வெளிய போறேன்" என்றார்.

"காமிராவ நானா?"

"வீட்டுல தினம் ஓட்டிப் பார்க்கிறவ நீதானே? கை மட்டும் நடுங்கக் கூடாது."

"ஊசியில நூல் கோக்கிற கை, நடுங்காது. நீங்க திரும்பிப் பார்க்காம போங்க, அது போதும்."

விடிந்ததும் அவளை உள்ளே விட்டுவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி நின்றார். பொந்திலிருந்து எட்டிப் பார்த்த வாத்து, அவரைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நடந்தார். மறுபடி திரும்பினார். வாத்தும் மறுபடி உள்ளே போனது. கூடாரத்துக்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தவும் வழியில்லை. ஒரு பருவத்து உழைப்பு கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் நடந்துகொண்டே திட்ட ஆரம்பித்தார்.

"குழாய் ஒழுகுதுன்னு எத்தனை நாளாச் சொல்றேன்! ஜன்னல் கொக்கிய யார் மாட்டுறது, உங்க வாத்தா? காது இருக்கா, இல்ல அதையும் காட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

இருமலுக்கு நடுவே, அத்தனையும் அவளுடைய வார்த்தைகள். ஒன்று விடவில்லை. இந்த மனுஷன் எதையும் காதில் போட்டுக்கொண்டதே இல்லை என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தாள். முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பு குலுங்கியது. கை குலுங்கவில்லை.

திட்டு தேய்ந்து மறைந்ததும் வாத்து பறந்து கீழே இறங்கிக் கூப்பிட்டது. பஞ்சுருண்டைகள் மாதிரி குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. ஒன்று மட்டும் மேலேயே நின்றது. தாய் அதைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தது. அதுவும் குதித்தது.

சாயங்காலம் வீட்டில் இருவரும் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூடப் படம் ஆடவில்லை.

"இத்தனை வருஷமும் நீ எப்படித் திரும்பாமலே போனே? என்னால முடியலயே" என்றார்.

"திரும்பினா ஓடிவந்து உங்க பக்கத்துலயே உட்கார்ந்துடுவேன். அதான் திரும்பல."

அவர் எழுந்து போய்க் குழாயைக் கழற்றினார்.