தறி நின்ற தெரு

பகல் ஒரு மணிக்கு வந்தவாசியில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு இருபத்தைந்து மைல். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். மடியில் மஞ்சள் பை, அதற்குள் வெற்றிலை, பாக்கு, தேங்காய். பிள்ளைகளே, நம் ஊர்த் திருவிழாவுக்கு நாயனம் வாசிக்க முனுசாமியை அழைத்துவரச் சொல்லி ஊரார் என்னை அனுப்பியிருந்தார்கள். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டால் அவர் வருகிறார் என்று அர்த்தம்.

முனுசாமி நம் ஊர்க்காரர்தான். மூன்று வருஷத்துக்கு முன் காஞ்சிபுரத்துக்குக் குடிபோய்விட்டார். நம்மிடம் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்குப் பெரிய காஞ்சிபுரம். விசாரித்துக்கொண்டு அவர் இருக்கும் நெசவாளர் தெருவுக்குப் போனபோது சாமி புறப்பாடு தெருமுனைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். சாமிக்கு முன்னால் வந்த முனுசாமி நாயனத்தை எடுத்துத் தோடியை இழுத்தார். முதல் வீட்டில் தறி நின்றது. அப்புறம் எதிர் வீட்டில். அவர் நடக்க நடக்கச் சத்தம் அடங்கிக்கொண்டே போயிற்று. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவர்கள் தலையில் நூல் துணுக்கோடு வாசலில் நின்றார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நன்றாக இருந்தால் எரியுமே, அப்படி.

பக்கத்தில் நின்ற நெசவாளரிடம், "தறி நின்றால் கூலி போகுமே?" என்றேன்.

"போவுந்தான். கால் மிதிக்க மாட்டேங்குதே, இன்னா பண்ணச் சொல்றே? எந்த ஊருபா நீ?"

சொன்னேன்.

"ஓ, ரெக்கார்டு போட்ட ஊரா" என்று சிரித்தார்.

புறப்பாடு முடிந்ததும் முனுசாமி வீட்டில் பையைத் திறந்தேன். கூடுதலாகவே தருவார்கள் என்றும் சொன்னேன்.

"பணத்துக்கா இங்க வந்தேன், அண்ணே? நான் வாசிச்சிக்கினு இருக்கும்போதே ஒலிபெருக்கில சினிமாப் பாட்டு வெச்சீங்க. இந்தத் தெருவுல ஏனோதானோன்னு வாசிச்சா அடுத்த வீட்டுத் தறி நிக்காது. அந்தப் பயத்துலதான் தெனம் விடியக்காலம் எழுந்து சாதகம் பண்றேன். அங்க எனக்கு அப்புறம் வாசிக்கிறானே கோபாலு, அவன யாருனா நின்னு கேட்டீங்களா?"

அவர் தாம்பூலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பக்கமே தள்ளினார். "இத்த அவன் கையில குடுங்க."

ராத்திரி சத்திரத்தில் படுத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினேன். காஞ்சிபுரம் போனவர்கள் பட்டுப் புடவையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எனக்கு அந்தத் தெருக்காரர்களின் காது மேல் பொறாமை. ஊர் வந்து சேரும்வரை அது அடங்கவில்லை.

கோயில் வாசலில் கோபால் காலைப் பூசைக்கு வாசித்துக்கொண்டிருந்தான். நான் தினமும் தாண்டிப் போகிற இடம். அன்று பையோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் நாயனத்தை இறக்கிவிட்டான்.

"இன்னா மாமா, எதுனா கெட்ட சேதியா?"

"இல்லடா. கேக்கறேன்."

நம்பாமல் பார்த்தான். பிறகு சீவாளியைத் துடைத்து உதட்டில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தான்.