நுங்குத் தண்ணீர்

இன்று மகளின் கழுத்து வேர்க்குருவில் நுங்குத் தண்ணீரைத் தடவியதும், அந்தப் பச்சை வாசனை என்னைக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் பின்வாசலுக்குத் தூக்கிப்போனது. இப்போது இடித்துவிட்ட அந்த வரிசை வீடுகளின் முன், மே மாதம் முழுக்க அப்பா ஆபீஸ் பஸ்ஸிலிருந்து நுங்குக் குலையோடு இறங்குவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நானும் வேர்க்குருவில் அந்தத் தண்ணீரைத் தடவிக்கொள்ளச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவோம். அரிப்பு தாங்காமல் அழும் தம்பி மட்டும் யாரையும் தொடவிடமாட்டான்.

ஒருநாள் அப்பா அவனிடமே நுங்குத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார்.

“இன்னாடா பாத்துகினு கீற? எனக்குத் தடவு!”

தம்பி அப்பாவின் முதுகில் பூசினான், என் முதுகில் பூசினான், சில்லென்று பட்டதும் கூச்சலிட்ட அத்தனை பேர் முதுகிலும் பூசினான். பிறகு தானே சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றான்.

“எனக்கு யாருப்பா தடவுறது?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.