மூன்று மணிக்கு எழுந்த பெருமை

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு, மலேசியாவில், செமோரில் உள்ள எங்கள் வீட்டில் இது தொடங்கியது. தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ உலுக்கியதுபோல் எனக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும். அதோடு தூக்கம் போச்சு.

நான் அசரவில்லை. என் அப்பா, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போவார்கள். "தோட்டத்து ரத்தம் லா, அப்படித்தான் எழுப்பும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். எழுந்ததும் கணவரின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்திருந்தார். பிறகு பாலில்லாமல் ஒரு கோப்பி-ஓ, துணி துவைப்பு, ஐந்தரைக்குப் பள்ளி வேன். வேன் ஓட்டுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு வேறு.

மூன்று மாதம் ஓடியது. ஒரு காலை, ஈப்போ சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். நின்றதுதான் தெரியும்.

"ஆண்ட்டி! ஆண்ட்டி! வேன் போவுது!"

பிள்ளைகள் அலறியதில் கண்ணைத் திறந்தால், பிரேக்கிலிருந்து கால் நழுவி, வேன் சந்திக்குள் உருண்டுகொண்டிருந்தது. மிதித்த மிதியில் புத்தகப்பைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தன. ஒரு மணல் லாரி ஹாரனை அலறவிட்டபடி எங்களை உரசாத குறையாகப் போனது. வேனில் பதினொரு பிள்ளைகள். ஒரு கீறல்கூட இல்லை. தெரிந்த வேன்காரரை வரச்சொல்லிப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, நேராகக் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளைய தமிழ்ப்பெண். அவரிடமும் தோட்டத்து ரத்தக் கதையை அளந்தேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் இருக்கு. நம்மள எழுப்புறதுக்குன்னே விடியக்காலைல ஒடம்புல ஏறும். மனசுல பயம் இருந்தா நேரங்காலம் பாக்காம ஏறலாம், பாதித் தூக்கத்துல எழுப்பி விடலாம். உங்களுக்கு என்னக்கா பயம்?"

"எனக்கா? பயமா?" என்றேன். அழுகைதான் வந்தது. கணவருக்கு மாரடைப்பு வந்ததும் ஒரு விடியற்காலை மூன்று மணிக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ மூக்குல வெரல் வைக்கிறப்ப நானும் முழிச்சுத்தான் இருப்பேன். எனக்கும் பயந்தான். நீ பயப்படுவேன்னு தூங்குற மாதிரி படுத்துக் கெடப்பேன்."

அன்று மாலையே வேன் பிள்ளைகளின் பெற்றோர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். நன்றாகத் தூங்கி எழும்வரை, இரண்டு வாரம் நான் சாவியைத் தொடவில்லை.

இப்போதும் சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வரும். விரல் வைப்பதில்லை. "முழிச்சிருக்கீங்களா?" என்று வாய்விட்டே கேட்பேன். "இருக்கேன் லா, படு" என்பார். தூங்கிவிடுவேன். ஆனால் சிவப்பு விளக்கில் கைப்பிரேக்கை இழுக்கும் ஒவ்வொரு முறையும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு, ஊரார் பிள்ளைகள் பதினொரு பேரை அந்தச் சந்தி வரைக்கும் கொண்டுபோனேனே என்று மனம் குறுகத்தான் செய்கிறது.