கோயில் வாசலில் மறித்து நின்ற வேன்

சென்ற கோடையில், டெல்லி ஆர்.கே.புரத்தில் நடந்தது இது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் கணவர் ஒரு வேனை வாங்கி, படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், மின்விசிறி, அவற்றுக்கென்று தனி பேட்டரி எல்லாம் வைத்து நடமாடும் வீடாக்கியிருந்தார். மறுநாள் இமாச்சலுக்குக் கிளம்ப வேண்டும். அதற்குமுன் வண்டிக்குப் பூஜை போட மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்தோம்.

பூஜை முடிந்து, வேனுக்குள்ளேயே விசிறியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். கிளம்பலாமென்று சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான். எங்கள் வேன் மறித்ததால் பக்கத்துக் கார் வெளியே வர முடியவில்லை. அந்தக் காரின் சொந்தக்காரப் பெண் வேகமாக வந்தார். நன்றாகத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ உள்ளே எட்டிப் பார்த்து, "அரே வா! வீடே இருக்கே ஆன்ட்டி!" என்று ஹிந்தி கலந்த தமிழில் வியந்தார்.

அவரும் அவர் கணவரும் இப்படியொரு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களாம். அந்தப் பெண்ணே பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"அங்கிள், எஞ்சின் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் நேரா இணைச்சிருக்காங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ரெண்டையும் காலி பண்ணிடுச்சு. நடுவுல ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஐசொலேட்டர் போடணும்."

என் கணவரின் முகம் தொங்கிவிட்டது. "பயணமே வேண்டாம், வித்துடலாம்" என்றார்.

"இதுக்குப் போயா? எனக்கும் மலையில இதே கதைதான் ஆச்சு. ஜல்தி கிளம்புங்க, கடைக்கு நானும் வரேன்."

தன் கார் பேட்டரியிலிருந்து வயர் போட்டு எங்கள் வண்டியைக் கிளப்பி, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் காஷ்மீரி கேட் வரை முன்னால் ஓட்டிக்கொண்டு போனார்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். டயோடு வைத்ததில் அசையும் பாகம் இல்லை, தேய்மானமே கிடையாது என்பதால் இவருக்கு அதுதான் பிடித்தது. "அச்சா, ஆனா அது வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சிடும் அங்கிள். நீங்க ஓட்டறது கொஞ்சம், நிறுத்தறது நிறைய. வீட்டு பேட்டரி முழுசா சார்ஜே ஆகாது" என்றார் அந்தப் பெண். எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே வகையை வாங்கினோம். மாட்டி முடிக்கும்வரை கூடவே இருந்தார்.

இமாச்சலில் மண் சரிந்து, ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே நின்றோம். கடைசியில் வீட்டு பேட்டரி தீர்ந்து, விசிறி மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். பயந்துகொண்டே சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. இருவரும் கைதட்டிச் சிரித்துவிட்டோம்.

அதன்பின் எத்தனையோ ஊர்கள் போய்விட்டோம். கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும், முன்பின் தெரியாத எங்களுக்காகத் தன் நாள் முழுவதையும் கொடுத்த அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.