ஷிப்டு வண்டி ஹாரன் வரைக்கும்

காலையில் போனில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் என்னோடு பள்ளியில் படித்த, சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். இப்போது சேனல் வைத்து மண்ணிசையை வளர்க்கிறானாம். போன வாரம் என்னிடம் கெஞ்சி வாங்கிப்போன அப்பாவின் பம்பைக் குழுப் பதிவைச் சுத்தம் செய்து போட்டிருந்தான்.

சுத்தம்தான். கூழுக்கு வந்தவர்களின் கூச்சல் இல்லை, குழந்தை அழுகை இல்லை, கடைசியில் வரும் ஹாரனும் இல்லை. அதற்குப் பதில் மேள அடி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குகிறது.

அந்த ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வடக்குத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் மத்தியானங்களில் அப்பாவும் கூட்டாளிகள் நால்வரும் அடிப்பார்கள். எல்லோருக்கும் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வண்டி ரோட்டில் வந்து ஹாரன் அடித்தால், எந்த உச்சத்தில் இருந்தாலும் கை அங்கேயே நிற்கும். "மீதி நாளைக்கு" என்பார் அப்பா. மேளங்களை எங்கள் வீட்டில் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

ஆகவே நான் பதிந்து வைத்த மெமரி கார்டில் எது நல்ல பதிவு என்று முடிவு செய்தவர் வண்டி டிரைவர்தான். வண்டி பஞ்சரான வருஷத்துப் பதிவுக்கு ஈடே இல்லை. அப்பா ஒரே அடியை விடாமல் திருப்ப, எதிரே நின்ற கூட்டாளி அண்ணன் ஒருவர் அதை வெட்டி வெட்டி வேறெங்கோ கொண்டுபோவார். மழை வருஷத்தில் பம்பையோடு சேர்த்து அடிக்கும் பறையின் தோல் நனைந்துபோக, வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காட்டி அடித்தார்கள். கேட்டால் எனக்கு இன்றும் புகை வாசனை வரும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்ற தலைக்கனத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் இங்கிலீஷில் பெயர் வைத்தேன். "ஆட்டுக்குட்டிக்குப் பேர் வெய்யி, கூப்ட்டா வரும்" என்றார் அப்பா.

அவரிடம் வீடியோவைக் காட்டினேன். முடிவு வந்ததும் முகம் சுளித்தார்.

"என்னாம்மா இது, போகப்போகக் கை ஓஞ்ச மாரி கேக்குது? நாங்க என்னா பட்டினியாவா அடிச்சிகினு இருந்தோம்?"

உடனே அவனைக் கூப்பிட்டேன். "எங்கப்பா கை ஓயல. வண்டி வந்துச்சு, நிறுத்துனாரு. ஹாரனத் திரும்பப் போடு, இல்ல வீடியோவ எடுத்துடு."

"அது நாய்ஸ்பா. கேக்குறவங்களுக்கு ஒரு நிறைவு வேணும்ல?"

நிறைவாம். அவன் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட் ஆள். ஹாரன் அடித்து அவரை யார் அவசரப்படுத்தியிருப்பார்கள்?

பத்து நிமிஷம் நான் திட்டியபின் வீடியோவை எடுத்துவிட்டான். பிறகு ஒரு மெசேஜ்: 'ஓகே, ஹாரனோடவே போடறேன். ஹாரனுக்கு அப்புறம் உள்ள மீதியும் அனுப்பு. பார்ட் டூ போடலாம்.'

"மீதி கேக்குறாம்பா."

"நாளைக்குன்னு சொல்லு" என்று சிரித்தார் அப்பா.

கான்ட்ராக்ட் முடிந்ததும் மற்ற நால்வரும் பிழைக்க ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். அப்பா நெல்லிக்குப்பத்தில் ஒரு லாரி ஷெட்டுக்கு வாட்ச்மேன். ஐந்து பேரில் ஒருவரிடமும் இன்று மேளம் இல்லை. இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழலைப் போட்டுவிடுவான்.